தரையில் பறந்த மனிதர்: எட்வின் லிங்க் வரலாறு



ஆகாய விமானம் ஓட்டப் பழக ஆகாய விமானம் வேண்டுமா? இதென்ன கேள்வி என்பீர்கள். நீச்சல் பழகத் தண்ணீர் வேண்டும், சைக்கிள் பழகச் சைக்கிள் வேண்டும், விமானம் பழக விமானம் வேண்டாமா? ஆனால் விஷயம் அப்படியில்லை. நம்மை ஏற்றிக்கொண்டு சென்னைக்கோ திருச்சிக்கோ பறக்கிறாரே விமானி, அவர் ஆண்டுதோறும் தரையில் நிற்கும் ஒரு பெரிய பெட்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, பரீட்சை எழுதுவது போல் விமானம் ஓட்டிக் காட்டியாக வேண்டும். அந்தப் பெட்டிக்குள் இயந்திரம் தீப்பிடிக்கும். சக்கரம் இறங்க மறுக்கும். புயல் அடிக்கும். விமானி வியர்த்துப் போவார். பெட்டி மட்டும் கட்டடத்தை விட்டு எங்கும் போயிருக்காது. இதைச் சிமுலேட்டர் என்பார்கள். நாம் பாவனை விமானம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்படி ஒன்றை முதன்முதலில் வேலைக்கு ஆகும்படி செய்து காட்டியவர் பேராசிரியர் அல்லர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற பொறியியலாளரும் அல்லர். இசைக் கருவி செய்யும் பட்டறையில் வளர்ந்த ஒரு பிள்ளை. எட்வின் ஆல்பர்ட் லிங்க் என்பது அவர் பெயர். பள்ளிக்கூடத்தில் உட்காருவதைவிடக் கையில் ஸ்பேனரைப் பிடிப்பதில்தான் அவருக்கு விருப்பம் அதிகம். பட்டங்களெல்லாம் பிற்காலத்தில் கௌரவப் பட்டங்களாகத் தேடி வந்தன, அது வேறு கதை.

1904-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஹண்டிங்டன் என்னும் ஊரில் லிங்க் பிறந்தார். ஆறு வயதாகும்போது, 1910-இல், குடும்பம் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே நொடித்துப் போன ஓர் இசைக் கருவிக் கம்பெனியை அவருடைய தந்தையார் எடுத்து நடத்தினார். தானாக வாசிக்கும் பியானோக்களும், சினிமாக் கொட்டகைகளில் வைக்கும் பெரிய ஆர்கன்களும் அங்கே உருவாயின. அக்காலத்துச் சினிமா ஊமைப்படம் அல்லவா? திரையில் ஆள் ஓடினால் ஓட்டத்துக்கு ஏற்றபடி, அழுதால் அழுகைக்கு ஏற்றபடி கொட்டகையில் ஒருவர் உட்கார்ந்து ஆர்கன் வாசிக்க வேண்டும். லிங்க் வீட்டுச் சோறு அந்த வாசிப்பில்தான் வந்தது.

இந்த ஆர்கனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஏனென்றால் கதையின் சூட்சுமம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. நம் கோயில் பஜனையில் ஆர்மோனியம் பார்த்திருப்பீர்கள். ஒரு கை பின்புறத்துத் துருத்தியை அமுக்கிக்கொண்டிருக்கும், மறு கை கட்டைகளில் விளையாடும். காற்றுதான் சத்தமாகிறது. கொட்டகை ஆர்கனிலும் காற்றுதான், ஆனால் கைக்குப் பதில் மின்சார விசிறி. தானாக வாசிக்கும் பியானோவில் இன்னொரு வித்தை உண்டு. அதில் காற்றை ஊதுவதில்லை, உறிஞ்சுகிறார்கள். ஓட்டைகள் குத்திய காகிதச் சுருள் ஒன்று மெல்ல ஓடும். ஓட்டை வந்த இடத்தில் காற்று நுழையும், உடனே ஒரு வால்வு திறக்கும், உள்ளங்கை அளவுத் துருத்தி ஒன்று சட்டென்று சுருங்கி ஒரு சுத்தியலை இழுத்துக் கம்பியைத் தட்டும். வாசிக்கிறவர் இல்லாமலே பாட்டு வரும். இந்தத் துருத்திகளையும் வால்வுகளையும் பழுது பார்த்துப் பார்த்தே லிங்க் வாலிபரானார்.

பதினாறு வயதில் அவருக்கு ஆகாய விமானப் பைத்தியம் பிடித்தது. 1920-ஆம் ஆண்டு. அப்போது அவர் கலிபோர்னியாவில் இருந்தார். நகைச்சுவை மன்னர் சார்லி சாப்ளினுக்கு ஓர் அண்ணன் உண்டு, சிட்னி சாப்ளின் என்று. அவர் அங்கே விமானத் தொழில் நடத்திவந்தார். லிங்க் அங்கே போய் முதல் பாடம் படித்தார். கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஒரு மணி நேரத்துக்கு 50 அமெரிக்க வெள்ளி! அந்நாளில் உலகமே மூக்கில் விரல் வைத்த நல்ல சம்பளம் ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலைச் சம்பளம். அதுவே ஒரு நாளைக்கு 6 வெள்ளிதான். அப்படியானால் நல்ல சம்பளக்காரரின் எட்டு நாள் உழைப்பு அந்த ஒரு மணி நேரத்துக்குப் போயிற்று.

போகட்டும், கற்றுக்கொண்டாரா? அதுதான் இல்லை. பழக்க வந்த விமானி மேலே போய்க் கரணம் அடித்தார், பம்பரம் போல் சுற்றினார், தாழ்வாகப் பாய்ந்தார், திரும்பி வந்து இறங்கிவிட்டார். பையன் ஓட்டுக்கோலைத் தொடவே இல்லை. ஐம்பது வெள்ளிக்கு வயிற்றைக் கலக்கியதுதான் மிச்சம்.

பெற்றோர்களே, இந்த இடத்தில் ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மனம் உறுத்துகிறது. கரும்பலகை முன்னால் நின்று நாம் கரணம் அடித்துக் காட்டிவிட்டு, பிள்ளை படித்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ளும் நாட்கள் எத்தனையோ. பாடம் நடந்தது உண்மை, கோல் பிள்ளையின் கைக்கு வந்ததா என்பதுதான் கேள்வி.

லிங்க் விட்டுவிடவில்லை. பிங்காம்டன் திரும்பி, பட்டறை வேலைக்கு நடுவே நேரம் கிடைத்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகித் தனியாகப் பறக்கும் அளவுக்கு வந்தார். செஸ்னா என்று புகழ்பெற்ற விமானக் கம்பெனி இருக்கிறதே, அது விற்ற முதல் விமானத்தை வாங்கியவரே இவர்தான். அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிப் பிழைப்பு நடத்தினார். பிறருக்கும் கற்றுக் கொடுத்தார். அப்போதுதான் கற்றுக் கொடுக்கிறவரின் கஷ்டமும் அவருக்குப் புரிந்தது. விமானம் மேலே போனால் ஒவ்வொரு நிமிடமும் எண்ணெய்ச் செலவு. பழகுகிற பையன் தவறாக ஒரு மிதி மிதித்தால் இரண்டு உயிர், ஒரு விமானம். இந்தப் பயத்தில் எந்த ஆசிரியர்தான் கோலைக் கொடுப்பார்? அன்று தன்னை ஏமாற்றியது ஓர் ஆள் மட்டுமில்லை, பழகுகிற முறையே அப்படி என்று அவர் கண்டுகொண்டார்.

தரையில் வைத்துப் பழக்கும் எண்ணம் அதற்கு முன் யாருக்கும் வராமல் இல்லை. 1910-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சு நாட்டில் ஒரு பீப்பாயைப் பாதியாக அறுத்து, மேலே ஒரு நாற்காலி வைத்து, பழகுகிறவரை உட்கார வைத்தார்கள். வெளியே ஆட்கள் நின்று பீப்பாயை இப்படியும் அப்படியும் தள்ளுவார்கள். அவர் உள்ளே சக்கரத்தைத் திருப்பிச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். சிரிக்காதீர்கள், அந்தக் காலத்தில் அது பெரிய முயற்சி. இறக்கையை நறுக்கி, எழும்பவே முடியாதபடி செய்த விமானங்களும் இருந்தன. அவற்றுக்குப் பெங்குயின் என்று பட்டப்பெயர். தரையில் ஓடும், பறக்காது. ஆனால் கோலை வலப்பக்கம் சாய்த்தால் தானே வலப்பக்கம் சாய்ந்து, இழுத்தால் தானே மூக்கைத் தூக்கும் பெட்டி ஒன்று, வாங்கக் கூடிய விலையில், அதுவரை சரியாக அமையவில்லை.

1927-இல் தொடங்கி ஒன்றரை ஆண்டுக் காலம் லிங்க் தந்தையாரின் ஆர்கன் பட்டறை நிலவறையில் உட்கார்ந்தார். கையில் என்ன இருந்தது? துருத்தி இருந்தது, வால்வு இருந்தது, காற்றை உறிஞ்சும் மின்விசிறி இருந்தது. வேறென்ன வேண்டும்?

சிறு விமானத்தின் உடல்போல் மரத்தால் ஒரு பெட்டி. குட்டையான இறக்கை, குட்டையான வால். இந்த உடல் நடுவில் ஒரே ஒரு மூட்டின் மேல் நின்றது, எந்தப் பக்கமும் சாயலாம். அடியில் முன்னும் பின்னும், இடமும் வலமும் துருத்திகள். கோலை வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கத்து வால்வு திறக்கும், அந்தத் துருத்தியின் காற்று உறிஞ்சப்படும், அது சுருங்கும், பெட்டி அந்தப் பக்கம் சாயும். எதிர்ப்பக்கத் துருத்தி காற்றை வாங்கி நிமிரும். கோலை நடுவே கொண்டுவந்தால் இரண்டும் சமம். காலால் மிதிக்கும் பலகையை அழுத்தினால் பெட்டி முழுதும் வட்டமாகத் திரும்பும். பியானோவில் சுத்தியலை இழுத்த அதே வித்தை இங்கே மனிதனைத் தூக்கிச் சாய்த்தது. கொஞ்சம் சாய்த்தால் கொஞ்சம், நிறையச் சாய்த்தால் நிறைய. இந்தக் கொஞ்சமும் நிறையவும் சரியாக அமையத்தான் ஒன்றரை ஆண்டு பிடித்தது. விமானம் கையில் எப்படிக் கனக்கும், எவ்வளவு தாமதமாகத் திரும்பும் என்று தம் உள்ளங்கைக்குத் தெரிந்ததை வால்வுகளுக்கு அவர் கற்றுக் கொடுத்தார்.

இங்கே சற்று நின்று நம் வீட்டுப் பிள்ளைகள் பக்கம் வருவோம். கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு வந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. மைக்ரோசாப்ட் கம்பெனி 1982-இல் வெளியிட்டதுதான் பலருக்கும் தெரிந்தது. இதற்கென்று ஓட்டுக்கோலையும் மிதிபலகையையும் தாங்களே வீட்டில் செய்துகொள்ளும் ஆட்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். லிங்க் துருத்தி வைத்த இடத்தில் இவர்கள் மின்சாரத்தை வைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பழைய வானொலியில் சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகுகிறோமே, அந்த மாதிரித் திருகி ஒன்று கோலின் அடியில் இருக்கும். அதற்கு மூன்று கால்கள். ஓரத்துக் கால்களில் 5 வோல்ட் மின்சாரம் கொடுத்தால், திருகியைத் திருப்பத் திருப்ப நடுக்காலில் வரும் மின்னழுத்தம் 0 முதல் 5 வரை ஏறி இறங்கும். அர்டுயினோ போன்ற சின்னஞ்சிறு மின்சுற்றுப் பலகை அதைப் படித்து 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்பும். கோல் நடுவில் இருந்தால் 512-ஐ ஒட்டி நிற்கும். மேல் கீழ் அசைவுக்கு ஒன்று, இடம் வலத்துக்கு ஒன்று, மிதிபலகைக்கு ஒன்று, இயந்திர வேகத்துக்கு ஒன்று என்று நான்கு திருகிகள் போதும்.

இதைச் செய்ய ஆசைப்படும் அண்ணன்மார் வீட்டில் இருந்தால் இரண்டு செய்தி சொல்லுங்கள். வானொலிச் சத்தத் திருகி வேண்டாம். அது காதுக்காகச் செய்தது, எண் சீராக ஏறாது, ஒரு பக்கம் தூங்கும், மறு பக்கம் பாயும். கடையில் பி என்ற எழுத்துப் போட்ட 10 கிலோஓம் திருகி என்று கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, திருகி முக்கால் வட்டத்துக்கு மேல் திரும்பும், கோலோ கொஞ்ச தூரம்தான் அசையும். அதனால் நடுவில் சிறு பல்சக்கரம் வைக்க வேண்டும், இல்லையென்றால் கிடைக்கிற எண்ணை மென்பொருளில் விரித்துக்கொள்ள வேண்டும். கோல் தானாக நடுவுக்குத் திரும்ப ஸ்பிரிங் வேண்டும், பழைய சைக்கிள் டியூப்பை நறுக்கிக் கட்டினாலும் போதும். நம் கித்தா அதற்கும் உதவும்! எல்லாம் கணினியிலிருந்து வரும் 5 வோல்ட்டில்தான் நடக்கிறது. சுவர்ப் பிளக்கில் யாரும் கை வைக்க வேண்டாம்.

சரி, லிங்கிடம் திரும்புவோம். பெட்டி தயார். உலகம் கை தட்டியதா? இல்லை. விமானப் பள்ளிக்காரர்கள் அதை விளையாட்டுப் பொம்மை என்றே நினைத்தார்கள். 1931-இல் அவருக்குக் கிடைத்த காப்புரிமைப் பத்திரத்திலேயே மாணவ விமானிகளுக்கான பயிற்சிக் கருவி என்பதோடு கேளிக்கைக் கருவி என்றும் சேர்த்து எழுதியிருக்கிறது. அவரும் என்ன செய்வார்? கேளிக்கைப் பூங்காக்களுக்கு விற்றார். காசு போட்டால் ஆடும் பெட்டியாக அது நின்றது. பட்டணத்துப் பேரங்காடி வாசலில் ஒரு வெள்ளி போட்டால் குலுங்கும் குதிரை நிற்கிறதே, அதற்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நேரத்தில் பேசும் படம் வந்துவிட்டது. கொட்டகை ஆர்கனை யாரும் வாங்கவில்லை. 1929-இல் அமெரிக்கப் பொருளாதாரமும் சரிந்தது. குடும்பத் தொழில் கண்ணெதிரே தேய்ந்தது. லிங்க் ஒரு விமானப் பள்ளி தொடங்கி, தம் பெட்டியிலேயே முதலில் பழக்கினார். பணமுடை தீர இன்னொரு வேடிக்கையும் செய்தார். விமான இறக்கையின் அடியில் மின்விளக்குகளை வரிசையாகப் பொருத்தி, பியானோவின் ஓட்டைக் காகிதம் போன்ற ஒரு சுருளால் அவற்றை ஏற்றி அணைத்து, இரவு வானத்தில் விளம்பர எழுத்துகளை ஓடவிட்டார். கீழே இருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்க வேண்டுமே, அதற்கு விமானத்திலேயே ஆர்கன் குழல்களை வைத்து ஊதவும் விட்டார். எது கையில் இருக்கிறதோ அதை வைத்துப் பிழைப்பது என்பது இதுதான். 1931-இல் மேரியன் கிளேட்டன் என்னும் பத்திரிகை எழுத்தாளரை அவர் மணந்தார். கணக்கு வழக்கு, கடிதம், கம்பெனி நிர்வாகம் என்று அந்த அம்மையார் தோள் கொடுக்காவிட்டால் பெட்டி பட்டறையோடு நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

1934-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். அமெரிக்காவில் கடிதங்களை விமானத்தில் கொண்டுபோகும் வேலையைத் தனியார் கம்பெனிகள் செய்துவந்தன. குத்தகை கொடுத்ததில் முறைகேடு என்று அதிபர் ரூஸ்வெல்ட் அவற்றை ரத்து செய்து, அந்த வேலையை இராணுவ விமானிகளிடம் ஒப்படைத்தார். கடும் குளிர்காலம். பனி, மூடுபனி, இருட்டு. அந்த விமானிகள் தைரியசாலிகள்தான், ஆனால் கண்ணால் தரையைப் பார்த்து ஓட்டியே பழகியவர்கள். மேகத்துக்குள் புகுந்ததும் திசை தெரியாமல் போயிற்று. மூன்று மாதத்துக்குள் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலும் இளைஞர்கள்.

மேகத்துக்குள் என்ன ஆகிறது? நம் காதுக்குள்ளே திரவம் நிறைந்த சிறு குழாய்கள் இருக்கின்றன. சாய்கிறோமா, திரும்புகிறோமா என்று உடலுக்குச் சொல்வது அவைதான். சுழல் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து ஒருவரை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் சுற்றுவதே தெரியாது. நிறுத்தினால், எதிர்ப்பக்கம் சுற்றுவதாகத் தோன்றும். நாற்காலியில் இது வேடிக்கை. மேகத்துக்குள் விமானி இப்படி ஏமாந்தால், நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே சுழன்று சுழன்று தரையில் போய் மோதுவார். உடம்பு சொல்வதை நம்பாதே, கருவி முள்ளை நம்பு என்று பழக்க வேண்டும். இந்தப் பழக்கம் புத்தகத்தால் வராது. மேலே கொண்டுபோய்ப் பழக்கினாலோ ஆபத்து. லிங்க் பெட்டியின் மேல் மூடியைச் சாத்திவிட்டால் உள்ளே வெளியுலகம் தெரியாது, முள்கள் மட்டுமே தெரியும். உடம்பு வேறு, முள் வேறு சொல்லும். பழகுகிறவர் தவறுவார், விழுவார், அதாவது முள் விழுந்ததாகக் காட்டும். மூடியைத் திறந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்காருவார்.

இராணுவ அதிகாரிகள் இதைப் பேசுவதற்காக நியூவர்க் விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். அன்று மூடுபனி. பிங்காம்டனிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இந்த நிலையில் எவன் வருவான் என்று அவர்கள் புறப்படப் போன நேரத்தில், பனியைப் பிளந்துகொண்டு ஒரு விமானம் இறங்கியது. இறங்கியவர் லிங்க். முள்ளைப் பார்த்தே வந்து சேர்ந்திருந்தார். அதற்குமேல் விளக்கம் எதற்கு? இராணுவம் ஆறு பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. பெட்டி ஒன்று 3,500 வெள்ளி அளவில். கேளிக்கைப் பூங்காவில் காசுக்கு ஆடிய பெட்டி பள்ளிக்கூடம் ஏறிற்று.

அதன் பிறகு வேகம்தான். 1935-இல் ஜப்பான் கடற்படை வாங்கிற்று, பிரிட்டன் வாங்கிற்று, இன்னும் பல நாடுகள் வாங்கின. கருவி எந்தக் கொடிக்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். இரண்டாம் உலகப் போரில் பத்தாயிரம் பெட்டிகளுக்கு மேல் உருவாயின. ஐந்து இலட்சம் விமானிகள் அவற்றில் பழகினார்கள் என்பது கணக்கு. நீல வண்ணம் பூசியிருந்ததால் விமானிகள் அதை நீலப் பெட்டி என்றே அழைத்தார்கள். ஆசிரியர் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பார். மேசை மேல் வரைபடம். அதன்மேல் மூன்று சக்கரம் வைத்த சிறு கருவி ஒன்று ஊர்ந்து, பழகுகிறவர் போகும் வழியை மையால் கோடு போட்டுக்கொண்டே போகும். அதற்கு நண்டு என்று பெயர் வைத்தார்கள். மூடியைத் திறந்ததும் வழி தவறிய இடத்தைக் கோட்டிலேயே காட்டலாம். எவ்வளவு நல்ல விடைத்தாள் பாருங்கள்! இரவில் நட்சத்திரம் பார்த்து வழி கண்டுபிடிக்கவும் ஒரு பெட்டி செய்தார். 45 அடி உயரத்துக் கட்டடம், உள்ளே விமானம், மேலே வானம் போல் கவிந்த கூரையில் விளக்கு நட்சத்திரங்கள். அவை நேரத்துக்கு ஏற்ப நகரும்.

1954-இல் அவர் கம்பெனியை விற்றுவிட்டார். லிங்க் என்ற பெயர் மட்டும் தொழிலில் தொடர்ந்தது. சந்திரனுக்குப் போன அப்போலோ வீரர்கள் பழகிய பாவனைக் கலங்களையும் அந்தப் பெயர்கொண்ட நிறுவனமே செய்தது.

ஐம்பது வயதான லிங்க் வீட்டில் உட்காரவில்லை. வானத்தை விட்டுக் கடலுக்குள் இறங்கினார். மூழ்கிய கப்பல்களைத் தேடப் போய், மனிதன் ஆழத்தில் தங்கி வேலை செய்ய வழி உண்டா என்று ஆராயத் தொடங்கினார். 1962-இல் பிரான்சுக் கடற்கரைக்கு அப்பால், அவர் செய்த உருளை ஒன்றின் உதவியால் ராபர்ட் ஸ்டெனுய் என்னும் வீரர் 200 அடி ஆழத்தில் ஒரு நாள் முழுதும் தங்கினார். பிறகு 1971-இல் ஜான்சன் சீ லிங்க் என்ற சிறு நீர்மூழ்கி உருவாயிற்று. அதன் முன்பகுதி கண்ணாடி போன்ற அக்ரிலிக் உருண்டை, ஓட்டுகிறவர்கள் அதற்குள் இருந்து நாலாபக்கமும் பார்க்கலாம். பின்பகுதி, மூழ்குவோர் தங்க அலுமினிய அறை.

வாசகர்களே, இனிச் சொல்வதை எழுதக் கை தயங்குகிறது. 1973-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள். ஃபுளோரிடாவின் தென்கோடிக் கடலில், மூழ்கடித்து வைத்திருந்த ஒரு பழைய போர்க்கப்பலருகே அந்த நீர்மூழ்கி இறங்கியது. உள்ளே நால்வர். கப்பலின் சிதைவுகளிலிருந்த கம்பிகளில் அது சிக்கிக்கொண்டது. முன்னும் போகவில்லை, மேலும் வரவில்லை. 350 அடி ஆழம். கடற்படையின் மூழ்கு வீரர்கள் முயன்றும் நெருங்க முடியவில்லை. ஒரு நாளுக்கு மேல் ஆகி, இன்னொரு கப்பலிலிருந்து கொக்கி போட்டு இழுத்துத்தான் மீட்டார்கள். முன்னறையில் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின்னறையில் இருந்த இருவர் உயிரோடு வரவில்லை. அவர்களில் ஒருவர் கிளேட்டன். முப்பத்தொரு வயது. லிங்கின் மகன்.

ஏன் இருவருக்கு மட்டும் அப்படி? நாம் விடும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறது. மூடிய அறையில் அதை உறிஞ்ச ஒரு மருந்துத்தூள் வைப்பார்கள். அது கதகதப்பில்தான் சரியாக வேலை செய்யும். அக்ரிலிக் உருண்டை குளிரை உள்ளே விடவில்லை. அலுமினியமோ ஆழ்கடலின் குளிரை அப்படியே உள்ளே கடத்தியது. நம் வீட்டு அலுமினியச் சட்டியில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே தொட்டதும் விரல் சில்லிடவில்லையா? அப்படித்தான். தூள் குளிர்ந்தது, வாயு ஏறியது.

ஐந்து இலட்சம் பேரைச் சாகாமல் தவறு செய்யப் பழக்கியவர் அவர். தம் கைப்படத் திட்டமிட்ட கலத்தில் தம் பிள்ளையை இழந்தார். அவருக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. ஒதுங்கிப் படுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மீண்டும் பட்டறைக்குப் போனார். ஆள் ஏறத் தேவையில்லாத ஒரு கருவியைச் செய்தார். கப்பலிலிருந்து நீண்ட கம்பிவடத்தில் அது இறங்கும். அதில் படக்கருவி உண்டு, கம்பியை நறுக்கும் கை உண்டு. மேலே கப்பலில் ஒருவர் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டு அதை ஓட்டுவார். ஆழத்தில் யாராவது சிக்கிக்கொண்டால் போய் அறுத்துவிட வேண்டும், அதற்காக.

1981-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் பிங்காம்டனில் எட்வின் லிங்க் காலமானார். எழுபத்தேழு வயது. அந்த ஊர் விமான நிலையத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர் அருங்காட்சியகத்தில் லிங்க் கம்பெனி செய்த கொட்டகை ஆர்கன் ஒன்று இருக்கிறது. காற்று விட்டால் அது இன்னும் பாடும்.